தீர்ப்புக்குப் பின் தொடங்கும் தண்டனை
(எல்லையோர நீதிமன்றங்களும் குடியுரிமை இல்லாத தமிழரும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு)



எளிய மக்களுக்குச் சட்டம் எட்ட வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு மிக அருகில் இருந்தும் நாம் அதிகம் பேசாத ஒன்றை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே அடிதடியில் இருவர் கைதாகிறார்கள். ஒரே பிரிவு, ஒரே நீதிபதி, ஒரே அபராதம். ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார், அவருக்கு வழக்கு முடிந்தது. மற்றவருக்கு அன்றுதான் தொடங்குகிறது. அவர் இந்த நாட்டுக் குடிமகன் அல்ல. நீதிமன்றம் எழுதாத இரண்டாவது தண்டனை ஒன்று அவருக்குக் காத்திருக்கிறது. அந்தத் தண்டனை வரும் என்பதைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அவருக்குச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. நான் சொல்ல வந்தது இதுதான்.

1. இங்கே யார் வெளிநாட்டவர்?

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று நீளும் சோதனைச் சாவடிகள் தமிழ்நாடு, கேரளம் என்ற இரண்டு மாநிலங்களைப் பிரிப்பவை. தேனியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்ணுக்கும், பொள்ளாச்சியிலிருந்து பெயிண்டிங் வேலைக்கு வரும் இளைஞனுக்கும் அவை நாட்டெல்லை அல்ல. ஆனால் அந்த இளைஞன் ஆழியாறு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்தவனாக இருந்தால், அவனுடைய நாட்டெல்லை அவன் சட்டைப் பையில் இருக்கும் முகாம் அட்டையில் இருக்கிறது.

இதன் வேர் 1948இல் இருக்கிறது. அந்த ஆண்டு இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரைப் பெருவாரியாக நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படிக் கப்பலேறி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், புனலூர் ரப்பர்த் தோட்டங்களிலும், வண்டிப்பெரியாறு வழியாகப் போனால் வரும் கவியிலும் குடியேறினார்கள். கவியில் கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் வேலை செய்த அந்தக் குடும்பங்கள் இந்தியக் குடிமக்கள். ஓட்டு உண்டு, ரேஷன் உண்டு.

ஒப்பந்தப்படி வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து சேரவில்லை. இலங்கையில் நடந்த 1983 வன்முறைக்குப் பின் அவர்களில் பலர் அகதிகளாகப் படகில் வந்தார்கள். கவியில் இருக்கும் அண்ணன் குடிமகன், முகாமில் இருக்கும் தம்பி வெளிநாட்டவர். இருவரையும் பிரித்தது வந்த தேதியும் கையில் இருந்த காகிதமும்தான்.

தமிழ்நாட்டு முகாம்களில் ஏறக்குறைய 58 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே பதிவு பெற்று ஏறக்குறைய 34 ஆயிரம் பேரும் வாழ்வதாக அரசுக் கணக்குகள் சில ஆண்டுகளுக்கு முன் சொல்லின. நம் கேரள எல்லையை ஒட்டிய கோவை, தேனி மாவட்டங்களிலும் முகாம்கள் உண்டு. 2021இல் அவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர சட்டநிலை மாறவில்லை. 2003இல் குடியுரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், முறையான ஆவணமின்றி வந்தவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று வகுத்து, பதிவின் மூலம் குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. 2019 திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை.

இதில் வழக்கறிஞர்கள் மறக்கக் கூடாத விதிவிலக்கு ஒன்று உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வி அங்கே பொதுவாக எழுவதில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். ஆகவே ‘முகாம்வாசி’ என்றதுமே ‘வெளிநாட்டவர்’ என்று எழுத அனுமதிக்காதீர்கள். முதலில் பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் கேளுங்கள். நான் வெளிநாட்டவன் அல்ல என்று நிரூபிக்கும் சுமையைச் சட்டம் அந்த நபர் மேலேயே வைத்திருக்கிறது. இருந்தாலும், கையில் ஆதாரம் எதுவும் இல்லாமல் ஒருவரைப் பிடித்து ‘நிரூபி’ என்று அதிகாரிகள் கேட்க முடியாது என்று 2024 ஜூலையில் அசாமைச் சேர்ந்த ரகீம் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் வங்கமொழி பேசும் இந்தியத் தொழிலாளிக்கும் அந்தத் தீர்ப்புதான் காப்பு.

2. ஒரு பெட்டி கேஸ் எங்கெல்லாம் போகும்

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். இது யாருடைய உண்மைக் கதையும் அல்ல, சட்டம் நடக்கும் பாதையைக் காட்டக் கட்டியது. முகாம் இளைஞன் ஒருவன் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறான். கூலிப் பாக்கியில் வாய்த்தகராறு, கைகலப்பு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), சிறு காயம் விளைவித்தல். அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பிணையில் விடத்தக்க குற்றம்.

பிணை என்றதும் முதல் தடை வருகிறது. கேரள நீதிமன்றங்களில் ஜாமீன்தாரர்கள் நிலத்துக்குக் கரம் (வரி) கட்டிய ரசீதோடு வந்து நிற்பதுதான் வழக்கம். முகாமில் வாழ்பவருக்கு நிலம் கிடையாது, அவர் உறவினருக்கும் கிடையாது. எனவே சட்டம் உரிமையாகத் தந்த பிணை காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, முகாம் பதிவு. முகாமில் குறித்த நாட்களில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும். அன்று நேரில் இருக்க வேண்டும். வெளியூர் போனால் அனுமதி வேண்டும். சித்தூர் சப்ஜெயிலில் இருப்பவர் எப்படிக் கணக்கில் நிற்பார்? அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடை நிற்கலாம், பெயருக்கே ஆபத்து வரலாம். தமிழ்நாட்டுக் காவல்துறையின் க்யூ பிராஞ்ச் விசாரணையும் வரும்.

மூன்றாவது, வெளியே போகும் வழி. ஊர் திரும்ப விரும்பும் அகதிக்கு வெளியேறும் அனுமதி வேண்டும். குற்ற வழக்கில் பதில் சொல்ல வேண்டியவர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டு வெளிநாட்டவர் ஆணையிலிருந்து வரும் விதி. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்காமல் திண்டாடிய அனுபவம் வளைகுடா போகும் பாலக்காட்டுக் குடும்பங்களுக்குத் தெரியும். குடிமகன் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அதைத் தாண்டலாம். அகதியோ இருக்கவும் உரிமையின்றி, போகவும் அனுமதியின்றி நடுவில் நிற்கிறார். நேர்வழி அடைபட்ட இடத்தில் தரகர் நுழைகிறார். 2019 ஜனவரியில் முனம்பத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிப் போன படகு கரை சேர்ந்த செய்தி இன்றுவரை இல்லை. 2022 செப்டம்பரில் கொல்லத்தில் கடல் வழியே வெளிநாடு போக முயன்றதாக இலங்கையரும் தமிழ்நாட்டு முகாம்களைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். தப்பிக்கப் போனதே அவர்களுக்கு அடுத்த வழக்காயிற்று.

நான்காவது, குடியுரிமை. என்றாவது கதவு திறந்து ஒருவர் விண்ணப்பித்தால், இயல்புரிமைக் குடியுரிமைக்குச் சட்டம் கேட்கும் தகுதிகளில் நன்னடத்தை ஒன்று. பத்து வருடத்துக்கு முன் ஐந்நூறு ரூபாய் அபராதம் கட்டிய பெட்டி கேஸ் அந்த விண்ணப்பத்தில் வந்து உட்காரும்.

இவ்வளவையும் அறியாமல், நீதிமன்ற வாசலில் அவனுக்குக் கிடைக்கும் ஆலோசனை ஒன்றே ஒன்று: “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு, இன்னிக்கே முடிஞ்சிடும்.” நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். குடிமகனுக்கு அது நல்ல ஆலோசனையாகக்கூட இருக்கலாம். அவனுக்கு அது படுகுழி.

3. விடுதலைக்குப் பின் காவல்

1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் 3(2)(இ) பிரிவு, ஒரு வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு தமிழ்நாட்டில் 1990களிலிருந்து சிறப்பு முகாம்கள் நடந்தன. வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி, பிறகு திருச்சி மத்திய சிறை வளாகம். வழக்கு நடக்கும்போது பிணை பெற்றவர்கள், தண்டனை முடித்தவர்கள், ஏன், விடுதலையானவர்கள்கூட அங்கே வைக்கப்பட்டார்கள். சிறையில் இருப்பவருக்கு வெளியே வரும் தேதி தெரியும். சிறப்பு முகாமில் இருப்பவருக்கு அந்தத் தேதி கிடையாது. அங்கே உண்ணாவிரதங்கள் திரும்பத் திரும்ப நடந்தது இதனால்தான்.

எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரை விடுவித்தது. அந்த வழக்கைப் பற்றி நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும், அதற்குள் நான் போகவில்லை. விடுதலைக்குப் பின் நடந்ததை மட்டும் பாருங்கள். இந்தியக் குடிமக்கள் வீட்டுக்குப் போனார்கள். இலங்கைக் குடிமக்களான முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நால்வரும் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். தாயைப் பார்க்க ஊர் திரும்பக் காத்திருந்த சாந்தன் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் அவ்வாண்டு ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ‘போகலாம்’ என்று சொன்ன பிறகும் ஏறக்குறைய 17 மாதங்கள் ஆயின.

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவர். பத்தாண்டுத் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏழாகக் குறைத்து, முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், அதுவரை முகாமில் இருக்க வேண்டும் என்றது. மனைவி மக்கள் இங்கே, திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். உலகெங்குமிருந்து வரும் அகதிகளை ஏற்க இந்தியா சத்திரமா என்று நீதிபதி தீபங்கர் தத்தா அமர்வு கேட்டு, மனுவைத் தள்ளியது.

அந்த அமர்வு சொன்ன சட்டம் புதிதல்ல. அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை தரும் 21ஆம் உறுப்பும் சமத்துவம் தரும் 14ஆம் உறுப்பும் ‘எந்த நபருக்கும்’ உரியவை. இந்நாட்டில் எங்கும் வசிக்கும் உரிமையைத் தரும் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியது. வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் விரிந்தது என்று 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. ஆனால் வெளியேற்றும் அதிகாரம் வேறு, காலவரையின்றி அடைத்துவைக்கும் அதிகாரம் வேறு. முன்னதை ஏற்றாலும் பின்னதற்கு 21ஆம் உறுப்பு பதில் கேட்கத்தான் வேண்டும்.

கேரளம் இங்கே ஓரடி மாற்றி வைத்திருக்கிறது. தண்டனை முடிந்தும் நாடு திரும்ப முடியாத வெளிநாட்டவருக்காகக் கொல்லம் மாவட்டம் கொட்டியத்தில் 2022 நவம்பரில் ஒரு இடைத்தங்கல் இல்லம் திறந்தது. அதை நடத்தும் பொறுப்பு சிறைத் துறையிடம் இல்லை, சமூக நீதித் துறையிடம் இருக்கிறது. அங்கேயும் வெளியேறும் சுதந்திரம் இல்லைதான். இருந்தாலும் தண்டனை முடித்தவரைக் கைதியாக நடத்தக் கூடாது என்பதை ஒரு மாநிலம் ஏற்றிருக்கிறது.

4. 2025இன் புதிய சட்டம்

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்கள் அதோடு போயின. நிரூபிக்கும் சுமை முன்போலவே தனிநபர் மேல். பாஸ்போர்ட், விசா இன்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். போலி ஆவணம் என்றால் குறைந்தது இரண்டாண்டு, அதிகம் ஏழாண்டு.

அதே நாளில் வந்த விலக்களிப்பு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. நாற்பதாண்டுக் காலம் தலைமேல் தொங்கிய ஒரு வழக்கு விலகியது, வரவேற்கிறேன். ஆனால் அது குடியுரிமை அல்ல, நிரந்தரமாக வசிக்கும் உரிமையும் அல்ல. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி வந்திறங்கியவர்கள் அதற்குள் வர மாட்டார்கள். அந்த விலக்கின் உயிர் பதிவில் இருக்கிறது என்பதை முகாம்வாசிகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். ஒரு சிறு வழக்கால் முகாம் பதிவில் பெயர் விடுபட்டால், போவது மாதப் பணம் மட்டும் அல்ல.

5. மற்ற நாடுகளில் நாம்

இதை இலங்கைத் தமிழருடைய பிரச்சினை என்று மட்டும் எண்ணாதீர்கள். எல்லை தாண்டிப் போனால் நாமும் வெளிநாட்டவர்தான். 2013 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் புதுக்கோட்டை மாவட்டத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார், கலவரம் மூண்டது. 25 பேர் மீது வழக்கு நடந்தது. அவர்களுக்காவது நீதிமன்றம் இருந்தது. வேறு 57 பேர் எந்த நீதிமன்றத்தையும் காணாமல் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சவூதியில் முதலாளி ‘ஹுரூப்’ (ஓடிப்போனார்) என்று ஒரு புகார் கொடுத்தாலே தொழிலாளி சட்டவிரோதமானவர் ஆகிவிட்ட கொடுமையைப் பட்டாம்பியிலும் கட்டப்பனையிலும் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் 2010இல் வந்த பாடில்லா வழக்கை இங்கே சொல்ல வேண்டும். நாற்பதாண்டுக்கு மேல் அங்கே முறைப்படி வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அந்நாட்டுப் படையில் இருந்தவர். கஞ்சா கடத்திய வழக்கில், இவ்வளவு காலம் இருந்தவருக்கு நாடுகடத்தல் பயம் வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் நடவடிக்கை வந்து நின்றது. குற்றத்தை ஒப்புக்கொள்வதால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை, சொல்லத் தவறுவது முறையான சட்ட உதவி ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு விதி நம் நாட்டுக்கும் வேண்டும்.

வெளிநாட்டில் கைதாகும் இந்தியருக்காக நாம் வாதாடியது உண்டு. பாகிஸ்தானில் கைதான குல்பூஷண் ஜாதவுக்குத் தூதரக உதவி மறுக்கப்பட்டதை வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் விதியைக் காட்டி இந்தியா சர்வதேச நீதிமன்றத்தில் எதிர்த்தது. 2019 ஜூலையில் அந்த வாதம் வென்றது. நம்மவருக்குக் கேட்ட நியாயத்தை நம்மிடம் நிற்பவருக்கும் கொடுப்பதுதான் முறை. அகதி விஷயத்தில் ஒரு கவனம் மட்டும் தேவை. அவர் எந்த அரசுக்கு அஞ்சி வந்தாரோ அந்த அரசின் தூதரகத்துக்கு அவர் கேட்காமல் தகவல் போகக் கூடாது.

6. செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் சித்தூரிலும் பாலக்காட்டிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, ஒப்புக்கொள்ளும் முன் நான்கு கேள்விகள். எங்கே, எப்போது பிறந்தாய்? பதிவு உண்டா? எந்தத் தேதியிலிருந்து? வெளியேறும் அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பம் நிலுவையில் உண்டா? இவற்றுக்கு விடை தெரியாமல் எந்த வழக்கறிஞரும் ஒருவரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லக் கூடாது.

இரண்டாவது, அபராதத்தைவிட நல்ல வழிகள். சிறு காயம் சமாதானமாக முடிக்கத்தக்க குற்றம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவின்படி சமாதானம் பதிவானால் அது விடுதலைக்குச் சமம். அதே நாளில் அதே நீதிமன்றத்தில் முடியும், ஆனால் குற்றவாளி என்ற எழுத்து விழாது. சமாதானத்துக்கு உட்படாத பிரிவு சேர்ந்திருந்தால், 528ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். குற்றம் நிரூபணமானாலும், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கக் கேட்கலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு கிடையாது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. குமுளி, வாளையாறு வழியில் பிடிபடும் சிறு அளவுக் கஞ்சா வழக்குகளில், பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 64ஏ பிரிவு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது, இலவச சட்ட உதவி. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு காவலில் இருக்கும் நபருக்கு அந்த உதவியைத் தருகிறது. குடிமகனா என்று அது கேட்கவில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் தமிழ் பேசும் வழக்கறிஞர்கள் வேண்டும். மலையாளத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்திட்ட தமிழர் நம் எல்லையில் இனி இருக்கக் கூடாது.

நான்காவது, பிணை. வெளிநாட்டவருக்குப் பிணை தந்தால் பதிவு அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஃப்ராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தூதரகச் சான்று தந்தால்தான் பிணை என்ற நிபந்தனை எல்லா வழக்கிலும் கட்டாயமல்ல என்று 2024 ஜூலையிலேயே அதே வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே நிலமில்லாதவரிடம் கரம் ரசீது கேட்பதற்குப் பதிலாகச் சொந்த ஜாமீனில் விடும்படி கேளுங்கள். பிணை உத்தரவின் நகலை முகாம் வட்டாட்சியருக்கு அன்றே அனுப்புங்கள். ஆள் ஓடிவிட்டார் என்ற குறிப்பு விழாமல் அது காக்கும்.

ஐந்தாவது, அரசுகளிடம் கேட்க வேண்டியது. முதல் தகவல் அறிக்கை குற்றத்தீர்ப்பு அல்ல. விடுதலையானவரின் பதிவேடு சுத்தமாக வேண்டும். ஒருவரை அடைத்துவைக்கும் உத்தரவு என்றால் அதில் காரணம் எழுத வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், முடியும் தேதி இருக்க வேண்டும். இந்திய வம்சாவளியினர் என்று 1964இல் இந்தியாவே ஒப்புக்கொண்ட மக்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமைக் கதவைத் திறக்க வேண்டும். இந்தச் சிக்கல் முழுவதுக்கும் நிலையான தீர்வு அதுதான்.

குற்றம் செய்தவரைத் தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடித்தவன் அடித்ததற்குப் பதில் சொல்லட்டும். நீதிபதி அளந்து எழுதிய தண்டனையை அனுபவிக்கட்டும். யாரும் அளக்காத, யாரும் எழுதாத, முடிவுநாள் இல்லாத இன்னொன்றை அவன் தலையில் ஏற்றக் கூடாது என்பதே என் வேண்டுகோள். இந்த அவையில் இளம் வழக்கறிஞர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு முகாம் அட்டையோடு யாராவது உங்கள் முன் நின்றால், வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். சித்தூரில் ஒருவர், தேவிகுளத்தில் ஒருவர், பீர்மேட்டில் ஒருவர் என்று தொடங்கினாலே இந்த அறக்கட்டளையின் நோக்கம் நிறைவேறத் தொடங்கிவிடும்.